கிட்டார் பாலிஷில் சில்லு, கீறல்: உதகை, கொடைக்கானல் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (குன்னூர்): அண்ணா, கிட்டார் கதவு நிலையில் இடித்து, பக்கவாட்டில் மிளகளவு சில்லு பெயர்ந்துவிட்டது. உள்ளே மரம் தெரிகிறது. ஃபெவிக்விக் ஊற்றி நிரப்பலாமா?

பதில்: முதலில் மேல்பூச்சு எது என்று பாருங்கள். ஸ்ட்ராப் பட்டனை (தோள்பட்டை மாட்டும் குமிழ்) கழற்றி, அது மறைத்திருந்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். உடனே இளகினால் அரக்குப் பாலிஷ். அசையாவிட்டால் அதேபோல என்.சி. தின்னர் தொட்டு வையுங்கள். அதற்குப் பிசுபிசுத்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (சுருக்கமாக என்.சி. அல்லது நைட்ரோ). இரண்டுக்கும் மசியவில்லை என்றால் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். இன்று கடையில் கிடைக்கும் விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் இந்த பாலி வகைதான். ஃபெவிக்விக் இதற்குத்தான் பொருந்தும்.

ஊற்றக் கூடாது. பல்குச்சி முனையில் எடுத்து, குழிக்குள் மட்டும் ஒரு துளி. சுற்றிலும் டேப் ஒட்டிக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள், பசை தண்ணீர்போல டேப்புக்கு அடியில் ஓடிவிடும். வழிந்தாலும் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் பசை சூடேறிக் கையைச் சுடும். ஒரு துளி இறுகிய பிறகே அடுத்தது. மூன்று, நான்கு துளியில் குழி நிரம்பி, சுற்றுப்புறத்தைவிட முடியளவு மேடாக நிற்க வேண்டும். பிறகு ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள்.

மேட்டை இறக்குவதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். புது ஷேவிங் பிளேடின் இரு ஓரத்திலும் செல்லோ டேப் சுற்றி, நடுவில் 3 மி.மீ. மட்டும் வெறுமையாக விடுங்கள். டேப் நல்ல பூச்சின் மேல் வழுக்கிப் போகும், நடுப்பகுதி மேட்டை மட்டும் சுரண்டும். பிளேடை ஏறத்தாழ நிமிர்த்திப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். கிட்டத்தட்டச் சமமானதும் சின்ன ரப்பர் அழிப்பானில் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றி 1000, 1500, 2000 எண் என்று மென்மையானதை நோக்கிப் போங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீர் போதும். திருகு ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதிப் பூச்சைத் தூக்கிவிடும். கடைசியில் ரப்பிங் காம்பவுண்டை (மெருகேற்றும் பசை) மென்துணியால் தேய்த்து மெருகேற்றுங்கள்.

நிறப் பூச்சு என்றால் குழியின் அடியில் பொருத்தமான நெயில் பாலிஷை மெல்லத் தொட்டு, ஒரு நாள் காயவிட்டு, அதன் மேல் பசை.

கேள்வி (அதே குன்னூர் வாசகர்): செய்தேன் அண்ணா. குழியைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்ததுபோல இருக்கிறதே?

பதில்: மூடுபனி நேரத்தில் செய்திருப்பீர்கள். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. ஈரம் மிஞ்சினால் பசையின் ஆவி பக்கத்தில் வெண்மையாகப் படியும். மேலோட்டமான படிவுதான், ரப்பிங் காம்பவுண்டில் போய்விடும். அடுத்த முறை வெயில் அடிக்கும் பகலில் செய்யுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): சார், என்னுடையது என்.சி. லாக்கர். ஸ்ப்ரே அடித்த இடம் பால்போல வெளுத்துவிட்டது.

பதில்: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, பனிக்காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. உலர்ந்த பகலில் ரிடார்டர் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) மெல்லிய தூவலாக ஒரு முறை அடியுங்கள். பூச்சு மீண்டும் இளகி ஈரத்தை வெளியே விடும். சின்னச் சில்லுக்கு ஸ்ப்ரேயே வேண்டாம். லாக்கரைத் துளித்துளியாக வையுங்கள், பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். ஆனால் காயக் காயச் சுருங்கும். நாளுக்கு ஒரு துளி, ஐந்தாறு நாள். தேய்ப்பதற்கு முன் மூன்று வாரம் பொறுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் பிறகு அங்கே பள்ளம் விழும்.

கேள்வி (கொடைக்கானல்): வத்தலக்குண்டிலிருந்து கொண்டுவந்த பழைய கிட்டாரில் நூல்போல விரிசல்கள். மரம் பிளந்துவிட்டதா?

பதில்: நகத்தால் வருடிப் பாருங்கள், கிட்டாருக்குள் விளக்கு வைத்தும் பாருங்கள். ஒளி கசியாமல், நகம் மாட்டாமல் இருந்தால் பெரும்பாலும் பூச்சு மட்டும்தான் விட்டிருக்கிறது. அடிவாரச் சூட்டில் இருந்த பெட்டியை மலைக் குளிரில் சட்டென்று திறந்தால் நைட்ரோ பூச்சு மரத்தோடு ஒத்துச் சுருங்காமல் வெடிக்கும். வந்ததும் பெட்டியை நான்கைந்து மணி நேரம் மூடியே வையுங்கள். வந்த விரிசலை நிரப்ப முயல வேண்டாம், இன்னும் அசிங்கமாகும்.

கேள்வி (உதகை): ஸ்டிக்கர் பசையை யூகலிப்டஸ் தைலத்தால் எடுக்கலாமா?

பதில்: பாலி பூச்சில் எடுக்கலாம், துணியில் தொட்டுத் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றுங்கள். நைட்ரோவிலும் அரக்கிலும் வேண்டாம், பூச்சையே இளக்கும். அவற்றுக்கு லைட்டர் திரவம்.

கேள்வி (பண்ணைக்காடு): மேட் (பளபளப்பில்லாத) பூச்சுக் கிட்டாரில் கீறலைத் தேய்த்ததும் அந்த இடம் மட்டும் பளபளக்கிறது.

பதில்: மேட் பூச்சுக்கு காம்பவுண்ட் ஆகாது. 0000 எண் ஸ்டீல் உல்லால் (மிக மெல்லிய இரும்பு நார்) மர ரேகை ஓடும் திசையில் லேசாக இழுத்தால் ஓரளவு மங்கும், முழுதாகப் பழைய நிலைக்கு வராது. எலக்ட்ரிக் கிட்டார் என்றால் முதலில் பிக்கப்பை (தந்திகளுக்கு அடியிலுள்ள காந்தப் பகுதி) டேப்பால் மூடுங்கள். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (குன்னூர்): பூச்சு உடையாமல் பள்ளம் மட்டும் விழுந்தால் ஈரத்துணி வைத்துச் சூடு காட்டலாமா?

பதில்: வெறும் மரத்தில் நீராவி நாரை ஊதவைத்துத் தூக்கும். பாலி பூச்சைத் தாண்டி அது உள்ளே போகாது, சூடு மட்டும் பூச்சைக் கொப்புளமாக்கும். துளி நிரப்பும் முறையே இதற்கும்.