வாசகர் கேள்வி–பதில்: மூளைப் படத்தை மேடையில் காட்டும்போது

அல்சைமர் மறதி நோய் பற்றிய மூளைப் பட ஆய்வுகளை மாநாட்டில் முன்வைப்பது தொடர்பாகத் திருகோணமலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: ஏட்னி என்ற திறந்த தரவுத் தொகுப்பில் உள்ள எம்.ஆர்.ஐ. படங்களில் ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியின் சுருக்கத்தை அளந்திருக்கிறேன். கொழும்பு மாநாடொன்றில் 10 நிமிடப் பேச்சு கிடைத்திருக்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது?
– வளாக மாணவி, கோணேசபுரி

பதில்: 10 நிமிடத்துக்கு 8 ஸ்லைட் போதும். அல்சைமர் என்றால் என்ன என்று சொல்லி முதல் 3 நிமிடத்தைக் கரைக்காதீர்கள். மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும். ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நேரே ஆட்களுக்கு வாருங்கள்: நோயாளர் எத்தனை பேர், ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் எத்தனை பேர், இரு பக்கத்திலும் வயது, ஆண்–பெண் எண்ணிக்கை, படித்த ஆண்டுகள், எம்.எம்.எஸ்.ஈ. என்ற நினைவு–சிந்தனைச் சோதனையில் 30க்கு எடுத்த புள்ளி. எல்லாம் ஒரே சின்ன அட்டவணையில் அடங்கும்.

அடி விழும் இடம் பெரும்பாலும் தலையளவுத் திருத்தம். முதியவர் ஒருவரின் ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 3 கன சென்ரிமீற்றர்தான். பெரிய தலைக்குள் அது இயல்பாகவே பெரிதாக இருக்கும். உங்கள் நோயாளரில் பெண்களும் ஒப்பீட்டுக் குழுவில் ஆண்களும் கூடுதலாக இருந்தால், நோயே இல்லாவிட்டாலும் ‘சுருக்கம்’ தெரியும். மண்டையோட்டு உட்கன அளவைக் கணக்கில் சேர்த்து, சேர்த்த முறையையும் ஸ்லைட்டில் எழுதுங்கள். ஸ்கானரின் காந்த வலு 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா என்பதும், மூளைப் பகுதிகளை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் போன்ற மென்பொருளின் பதிப்பு எண்ணும் அவசியம். பதிப்பு மாறினால் அளவும் மாறும். பாதிப் பேரைப் பழையதிலும் மீதிப் பேரைப் புதியதிலும் ஓடவிட்டால் ஆய்வே போய்விடும். படம் எடுக்கும்போது தலையை அசைத்தவரின் சாம்பல் நிறப் பகுதியும் (நரம்புக் கலங்கள் செறிந்த திசு) உண்மையைவிடக் குறைவாகவே அளக்கப்படும். மறதி நோயாளர் அதிகம் அசைவார்கள் என்பதால் பிழை ஒரே பக்கம் சாயும். எத்தனை படங்களை ஏன் விலக்கினீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

2004இல் தொடங்கிய ஏட்னி, அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்க்கப்பட்டவர்களின் தரவு. “நம்மவர்களுக்கு இது பொருந்துமா?” என்ற கேள்வி நிச்சயம் வரும். பொருந்தும் என்று சாதிக்க வேண்டாம். தரவைப் பெறும்போது ஒப்புக்கொண்ட நன்றி வாசகத்தையும் மறக்காதீர்கள்.

கேள்வி: மாநாடுகளில் காட்டும் மூளைப் படங்களில் சிவப்பும் மஞ்சளும் கொழுந்துவிட்டு எரிகின்றனவே, அந்த நிறம் எதைக் காட்டுகிறது?
– வாசகர், கிண்ணியா

பதில்: படத்துக்குப் படம் வேறு. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை போன்ற பொருளைச் செலுத்தி எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் படமானால் மூளை குளுக்கோஸை உள்வாங்கும் அளவு. அமிலோயிட் பெட் என்றால், செலுத்திய கதிரியக்க மருந்து அமிலோயிட் என்ற புரதத்தின் படிவில் ஒட்டிய அளவு. இரு குழுக்களை ஒப்பிட்ட எம்.ஆர்.ஐ. வரைபடத்தில் நிறம் பெரும்பாலும் புள்ளியியல் மதிப்பு மட்டுமே. கடுஞ்சிவப்பு இருந்தால் அங்கே இழப்பு அதிகம் என்று அர்த்தமில்லை. இதைச் சொல்லாமல் படத்தைக் காட்டுவது ஏமாற்று என்றே நாங்கள் கருதுகிறோம், எண்ணம் அதுவாக இல்லாவிட்டாலும்.

ஆகவே படத்தின் பக்கத்தில் நிறப் பட்டையும், அதன் இரு முனையிலும் எண்ணும், அலகும் வேண்டும். நோயாளரும் ஆரோக்கியமானவரும் ஒரே அளவுகோலில் இருக்கவேண்டும். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தானாக அளவுகோல் போட்டால் இருவரும் ஒன்றுபோலத் தோன்றுவார்கள். வானவில் நிறங்களைத் தவிருங்கள். மஞ்சள் பச்சையாக மாறும் இடத்தில் இல்லாத எல்லையொன்று கண்ணுக்குத் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த மண்டபத்திலும் இருப்பார்கள். ஃப்ளோர்பெட்டாபிர் என்ற மருந்தைச் செலுத்தி எடுக்கும் அமிலோயிட் படங்களை வைத்தியர்கள் வாசிப்பதே கறுப்பு–வெள்ளையில்தான். அங்கே மருந்து அதிகம் தங்கிய இடம் கறுப்பு; மூளையின் வெண்பகுதி (நரம்பிழைகள் உள்ள திசு) ஆரோக்கியமானவரிலும் கருமையாகவே இருக்கும். வெண்பகுதிக்கும் சாம்பல் பகுதிக்கும் இடையிலான வேறுபாடு மறைந்தால்தான் அது நேர்மறை, அதாவது அமிலோயிட் படிவு உண்டு. அப்படி நேர்மறையானாலும் அதை வைத்து மட்டும் மறதி நோய் என்று சொல்ல முடியாது. நினைவு சீராக உள்ள முதியோரிலும் அமிலோயிட் படிவு காணப்படுகிறது.

இன்னொன்று. மூளையைப் பல்லாயிரம் சிறு கனங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சோதனை செய்தால், தற்செயலாகவே பல இடங்கள் ‘ஒளிரும்’. 2009இல் ஒரு மாநாட்டுப் போஸ்டரில் செத்த சால்மன் மீனை ஸ்கானரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் ‘காட்டி’, திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையிலும் செயற்பாடு தெரிவதைக் காட்டினார்கள். சிரிப்பு வந்தாலும் பாடம் கடுமையானது. பன்மடங்குச் சோதனைத் திருத்தம் செய்தீர்களா, எது என்று படத்தின் கீழேயே எழுதுங்கள். இடது–வலது குறியும் போடுங்கள்: கதிர்ப்படத் துறையின் வழக்கில் படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம், ஆய்வு மென்பொருள் சிலவற்றில் நேர்மாறு.

கேள்வி: நோயாளியின் பெயரை அழித்துவிட்டால் படத்தைக் காட்டலாம்தானே?
– கதிர்ப்படப் பிரிவு ஊழியர், உப்புவெளி

பதில்: போதாது. முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒப்புதலும். அடுத்து, மூலையில் பெயரும் பிறந்த திகதியும் படத்தோடு படமாகவே பதிந்திருக்கலாம். பவர்பொயின்ற்றில் அதை வெட்டினால் வெட்டிய துண்டு கோப்புக்குள்ளேயே கிடக்கும்; கறுப்புப் பெட்டியால் மூடினால் யாரும் அதை நகர்த்திப் பார்க்கலாம். வேறு மென்பொருளில் வெட்டிப் புதிதாகச் சேமித்த படத்தையே ஒட்டுங்கள். முழுத்தலை முப்பரிமாண எம்.ஆர்.ஐ.யில் முகமும் இருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வொன்றில், முகமறி மென்பொருள் 84 பேரில் 70 பேரை அவர்களின் எம்.ஆர்.ஐ.யோடு சரியாகப் பொருத்தியது. தரவைப் பகிர்வதானால் முகத்தை நீக்கும் மென்பொருள் உண்டு. நீக்கிய பின் மூளையின் முன்பகுதியும் சேர்ந்து வெட்டுப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி: பேசி முடித்ததும் யாருமே கேள்வி கேட்காவிட்டால் ஆய்வு தோல்வியா?
– விரிவுரையாளர், நிலாவெளி

பதில்: இல்லை. 1906 நவம்பர் 3ஆம் திகதி, ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் இந்நோய்க்குப் பெயர் தந்த அலோயிஸ் அல்சைமர் தம் நோயாளியின் மூளையில் கண்டதை விவரித்தபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை; தலைவர் அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார். ஆனாலும் கேள்விக்கு ஆயத்தமாகவே போங்கள். இறுதி ஸ்லைட்டுக்குப் பின்னால் மூன்று மறைந்த ஸ்லைட் வையுங்கள்: விலக்கிய படங்களின் விவரம், தலையளவுத் திருத்தம் இல்லாத முடிவு, நோய் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது. கடைசியானது முக்கியம். ஹிப்போகாம்பஸ் வேறு நோய்களிலும் சுருங்கும் என்று யாராவது எழுந்து சொல்வார்கள், அவர் சொல்வது சரியும்தான்.

கேள்வி: போஸ்டர் எந்த அளவில்?
– வாசகி, மூதூர்

பதில்: ஏற்பாட்டாளர் சொன்ன அளவில். பெரும்பாலும் ஏ0, அதாவது 841 × 1189 மில்லிமீற்றர். நெடுக்கா கிடையா என்று கேட்டுவிட்டு வடிவமையுங்கள். பந்திகளின் எழுத்து 28 புள்ளிக்குக் குறைய வேண்டாம். மூளைப் படங்களைத் திரையிலிருந்து பிடித்து ஒட்டினால் அச்சில் கட்டம் கட்டமாக உடையும். மென்பொருளிலிருந்தே பெரிய அளவில் ஏற்றுமதி செய்யுங்கள். கொழும்புக்கு இரவு ரயிலில் போவதானால் துணியில் அச்சிடுவது வசதி, மடித்துப் பையில் போடலாம். காகிதமானால் குழாய் வேண்டும், அதைத் தலைக்கு மேலுள்ள தட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போகாமலும் இருக்க வேண்டும்.