ஏஜென்ட் கொண்டுவரும் கூட்டத்தை நம்பலாமா?

கேள்வி: பிளாஸ்டிக் டப்பா தயாரிக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். வயதானவர்களால் மூடியைத் திறக்க முடியவில்லை என்று புகார் வருகிறது. பொதுமக்களிடம் யோசனை கேட்டு ஆன்லைனில் போட்டி வைக்க நினைக்கிறேன். 10,000 பேரைக் கலந்துகொள்ள வைப்பதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தலைக்கணக்கு அவருடைய சரக்கு. உங்களுக்கு வேண்டியது ஒரு மூடி. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் இப்படித்தான் பணம் கட்டியது. வந்த 600 டிசைன்களைத் திறந்து பார்த்தால், ஒரே படம் சிவப்பில், பச்சையில், நீலத்தில் என்று வந்துகொண்டே இருந்தது. போதாததற்கு ‘மக்கள் வோட்டு’ வேறு. ராத்திரி 2 மணிக்கு ஒரே டிசைனுக்கு 300 வோட்டு விழுந்திருந்தது. கேட்டதற்கு, “இதுதான் சார் ரீச்” என்றார் ஏஜென்ட்.

முதலில் கேள்வியைத் தீட்டுங்கள். ‘நல்ல மூடிக்கு யோசனை சொல்லுங்கள்’ என்றால் குப்பைதான் சேரும். ஒரு கையால் திறக்க வேண்டும், கவிழ்த்தால் கசியக் கூடாது, இப்போதுள்ள டப்பாவின் வாயில் பொருந்த வேண்டும், இன்ன செலவுக்குள் அடங்க வேண்டும் என்று எழுதுங்கள். 2006இல் நெட்ஃபிளிக்ஸ் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தபோது, யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்ற தன் கணிப்பு 10 சதவீதம் மேம்பட வேண்டும் என்று எண்ணிலேயே சொன்னது. 2009இல் பரிசும் கொடுத்தது. ஆனால் ஜெயித்த முறையை முழுதாகப் பயன்படுத்தவில்லை. கிடைக்கிற பலனுக்கு, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை கட்டுப்படியாகவில்லை. உங்கள் மோல்டு போடுபவரைக் கேள்வி எழுதும் நாளிலேயே பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

வோட்டெடுப்பு வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு: வோட்டுப் போடுபவரே காசு கொடுத்து வாங்கப் போகிறவர் என்றால் சரி. பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனத்தின் ‘லெகோ ஐடியாஸ்’ தளத்தில் ரசிகர்கள் மாதிரிகளை முன்வைக்கிறார்கள், 10,000 பேர் ஆதரித்தால்தான் நிறுவனம் பரிசீலிக்கிறது. கவனியுங்கள், பரிசீலிக்கத்தான் செய்கிறது. முடிவு நிறுவனத்தின் கையில். அந்த 10,000 பேரும் பொம்மை வாங்குகிற கூட்டம். உங்கள் கதை அப்படியா? டப்பாவை வாங்குபவர் மகள், திறக்கத் திணறுபவர் அம்மா. ஆன்லைனில் வோட்டுப் போடுபவர் இருவருமே இல்லை. நீங்களே பத்து மாதிரி செய்து, அம்மாக்கள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், பரிசுப் பணம். கடலில் தீர்க்கரேகையை, அதாவது கப்பல் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழிக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இல் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. அதற்காகக் கடலிலும் நேரம் தவறாத கடிகாரம் செய்து காட்டிய ஜான் ஹாரிசனுக்குப் பணம் தவணை தவணையாகத்தான் வந்தது. பெருந்தொகையாகக் கடைசியாக வந்தது 1773இல், அவருடைய 80ஆவது வயதில்! இன்றைய போட்டித் தளங்கள் சிலவும் அதே லட்சணம்தான். பரிசைப் பிடித்து வைத்துக்கொண்டு, யாரும் படிக்க முடியாத நிபந்தனைகளைக் காட்டுவார்கள். முடிவு அறிவிக்கும் தேதியையும் பணம் தரும் தேதியையும் முன்பே போடுங்கள், நேராகக் கொடுங்கள். ஜெயித்த டிசைனின் உரிமையைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். தோற்றவர்களின் டிசைனைத் தொடாதீர்கள்.

சரி, கூட்டத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? புகார் எழுதினார்களே, அவர்களுக்கு முதல் அழைப்பை அனுப்புங்கள். அந்த முகவரிகள் ஏற்கெனவே உங்களிடம்தான் இருக்கின்றன.