2 ஜிபி தெரிகிறது, 64 ஜிபி தெரியவில்லை

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 2007-இல் வாங்கிய லேப்டாப்பில் இப்போது விண்டோஸ் 7 இருக்கிறது. பழைய கேமராவின் 2 ஜிபி மெமரி கார்டைச் செருகினால் படங்கள் வருகின்றன. மகள் கொடுத்த புதிய கேமராவில் 64 ஜிபி கார்டு. அடாப்டருக்குள் செருகும் சின்ன வகை. கேமராவில் ஒழுங்காக வேலை செய்கிறது, லேப்டாப்பில் செருகினால் எந்த அசைவும் இல்லை. மதர்போர்டில் கோளாறு, மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள் ஐயா. லேப்டாப்பைக் கடையில் விட்டிருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

2 ஜிபி கார்டை வாசிக்கிற கார்டு ரீடர் எப்படிக் கெட்டுப்போயிருக்கும்? இன்னொன்று: அவர் பொருத்தப்போவது அதே மாடலுக்கான மதர்போர்டைத்தான். அதிலும் அதே காலத்துக் கார்டு ரீடர்தான் இருக்கும். 6,500 ரூபாய் கொடுத்த பிறகும் உங்கள் 64 ஜிபி கார்டு தெரியாது. இதைத் தெரிந்தே சொல்கிறார்களா, தெரியாமல் சொல்கிறார்களா என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

சிக்கல் எங்கே என்றால், உங்கள் மெமரி கார்டுகள் எஸ்டி கார்டு என்ற வகை; அந்த ஒரே உருவத்துக்குள் பல தலைமுறைகள் இருக்கின்றன. முதலில் வந்தவை 2 ஜிபி வரை. 2006-இல் எஸ்டிஎச்சி வந்தது, 32 ஜிபி வரை. 2009-இல் எஸ்டிஎக்ஸ்சி, அதற்கு மேல். பழைய ரீடர் நெல்லை மணி மணியாக எண்ணுகிற ஆள். எண்ணிக்கை ஓர் அளவுக்கு மேல் அவனுக்குப் போகாது. புதிய கார்டுகளோ 512 மணி கொண்ட மூட்டைகளாகத்தான் கணக்குக் கொடுக்கும். இருவருக்கும் பேச்சே ஒத்துவராது. இவ்வளவு வேறுபட்ட பொருள்களை ஒரே அளவில், ஒரே துளையில் நுழையும்படி செய்துவிட்டு, வித்தியாசத்தைக் கார்டின் மேல் கடுகளவு எழுத்தில் அச்சடித்தார்களே, அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

யாரிடமாவது ஓர் 8 அல்லது 16 ஜிபி கார்டு இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால் ரீடர் முதல் தலைமுறை. அதன் மேல் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். அது தெரிந்து 64 மட்டும் தெரியாவிட்டால், ரீடரை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் பழையதாக இருக்கலாம். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய டிரைவர் இருந்தால் போடுங்கள். பழைய மாடல்களின் பக்கங்களையே பல நிறுவனங்கள் தூக்கிவிட்டன. விற்றவரைக்கும்தான் நாம் வாடிக்கையாளர். கிடைக்கவில்லை என்று, 'எல்லா டிரைவரும் ஒரே இடத்தில்' என அழைக்கும் தளங்களுக்குள் மட்டும் போய்விடாதீர்கள். டிரைவரைத் தேடப்போய் வைரஸோடு திரும்பியவர்கள் என் மேசைக்கு வாரம் ஒருவராவது வருகிறார்கள்.

உண்மையில் உங்களுக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. கேமராப் பெட்டியில் யுஎஸ்பி கேபிள் இருந்தால் கேமராவையே லேப்டாப்பில் இணையுங்கள், படங்கள் வந்துவிடும். இல்லையென்றால் எஸ்டிஎக்ஸ்சி என்று அட்டையில் எழுதியிருக்கும் யுஎஸ்பி கார்டு ரீடர் ஒன்று, சில நூறு ரூபாய்தான். பென் டிரைவ் போலச் செருக வேண்டியது, அவ்வளவே. 64 ஜிபி கார்டுகளில் படங்களை அடுக்கிவைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையை விண்டோஸ் 7 தானாகவே புரிந்துகொள்ளும்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். புதிய ரீடரில் செருகியதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று கணினி கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கார்டை எடுத்துவிடுங்கள். சம்மதித்தால் படங்கள் போயின. உங்கள் கார்டு போனிலும் போடக்கூடிய சின்ன வகை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சில போன்கள் இந்தக் கார்டைத் தங்கள் உள் நினைவகமாகவே சேர்த்துக்கொள்ளும். அப்படிச் சேர்த்த கார்டைப் போன் பூட்டிவிடுகிறது, சாவி அந்தப் போனுக்குள்ளேயே இருக்கிறது. எந்த ரீடரும், எந்தக் கடையும் அதைத் திறக்க முடியாது. 'மீட்டுத் தருகிறேன்' என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். அதே போனில் திரும்பப் போட்டுத்தான் படங்களை எடுக்க வேண்டும். கேமராவில் படங்கள் தெரிவதால் உங்களுடையது அப்படி இல்லை. ஆனால் நாளைக்குப் பேரப்பிள்ளைகள் யாராவது அதை எடுத்துப் போனில் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி' அழுத்திவிடக்கூடும்.

இன்னொரு கார்டு வாங்க நேர்ந்தால், பாதி விலைக்குக் கிடைக்கும் 512 ஜிபியைத் தொடாதீர்கள். உள்ளே 8 ஜிபி வைத்துவிட்டு 512 என்று பொய் சொல்லும் கார்டுகள் இருக்கின்றன. கணினியும் 512 என்றே காட்டும். உள்ளே இருக்கும் 8 ஜிபி நிரம்பிய பிறகுதான் படங்கள் காணாமல் போகும். கார்டின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை வாங்கிய அன்றே காலிக் கார்டில் ஓட்டிப் பாருங்கள், பல மணி நேரம் ஆகும். மற்றபடி 64 ஜிபி கார்டு கணினியில் 59 சொச்சம் என்று காட்டுவதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதில் மோசடி இல்லை.