வாய் வழியே செய்தாலும் அதுவும் அறுவைச் சிகிச்சைதான்

கேள்வி: எனக்கு வயது 42. ஒன்றரை ஆண்டாக உணவு மட்டுமன்றித் தண்ணீரும் நெஞ்சில் நின்றுதான் இறங்குகிறது. படுத்தால் சாப்பிட்டது வாய்க்கு வருகிறது. அகலேசியா என்று கண்டறிந்துள்ளனர். உடலில் தழும்பே இல்லாமல் ‘போயம்’ செய்யலாம் என்கிறார் ஒரு மருத்துவர். லேப்ராஸ்கோப்பியே நல்லது என்கிறார் இன்னொருவர். எதை ஏற்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசைவளையம் விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டும். அதைத் தளர்த்தும் நரம்புச் செல்கள் அழிந்துபோவதால், வளையம் இறுகியே இருந்து உணவு மேலே தேங்குகிறது. இதுதான் அகலேசியா. அழிந்த நரம்பை மீட்கும் மருந்து கிடையாது. இறுகிய தசையை விடுவிப்பது ஒன்றே வழி.

1913இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்த தசைவெட்டு அறுவையைத்தான் இன்று வயிற்றில் சிறு துளைகளிட்டு லேப்ராஸ்கோப்பி மூலம் செய்கிறார்கள். போயம் முறையை ஜப்பானில் ஹருஹிரோ இனோவே 2008இல் மனிதர்களுக்கு முதன்முதலாகச் செய்தார். முழு மயக்கம் கொடுத்து, எண்டோஸ்கோப்பை வாய் வழியே செலுத்தி, உணவுக்குழாயின் உட்சவ்வில் சிறு கீறலிட்டு, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம்போல் வழி அமைத்து இரைப்பையின் தொடக்கம்வரை சென்று, வட்டத்தசையை வெட்டிவிட்டு, திரும்பும்போது கீறலைக் கிளிப்புகளால் மூடிவிடுவார்கள். வெளியே தழும்பு இல்லை என்பதால் இதை ‘ஆபரேஷன் இல்லை’ என்று நினைத்துவிடுகிறோம். வெட்டப்படுவது என்னவோ அதே தசைதான்.

2019இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு போயம் செய்தவர்களில் 83 விழுக்காட்டினரும் லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினரும் நலமாக இருந்தனர். வேறுபாடு அமில எதிர்க்களிப்பில், அதாவது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறி வருவதில் இருந்தது: அதே இரண்டாண்டு முடிவில் உணவுக்குழாய்ப் புண் முன்னவர்களில் 44 விழுக்காட்டினருக்கும் பின்னவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. லேப்ராஸ்கோப்பியில் இரைப்பையின் ஒரு பகுதியை மடித்துத் தைத்து அமிலத்துக்கு அணை போட முடிகிறது. போயத்தில் வழக்கமாக அது இல்லை. எனவே போயத்துக்குப் பின் பலருக்கு அமிலக் குறைப்பு மாத்திரை நீண்டகாலம் தேவைப்படும். நெஞ்செரிச்சல் இல்லாமலேயே புண் உண்டாகலாம் என்பதால் இடையிடையே எண்டோஸ்கோப்பியும் வேண்டும்.

உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி சோதனையின் அறிக்கையில், உங்களுக்கு அகலேசியாவின் மூன்று வகைகளில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். மூன்றாம் வகையெனில், இறுக்கம் தசைவளையத்துக்கு மேலேயும் உணவுக்குழாயில் நீள்வதால், நீளமாக வெட்ட வசதியுள்ள போயமே என் தேர்வு. முதல் இரண்டு வகைகளென்றால் இரண்டும் பொருந்தும். பலூனால் விரிப்பதும் ஒரு வழி, ஆனால் அதை மறுபடி செய்ய நேரலாம். ஏற்கெனவே இரைப்பை ஏற்றமும் (இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறியிருப்பது) இருந்தால் லேப்ராஸ்கோப்பி பக்கம் சாய்வேன்.

எந்த முறையானாலும், தேங்கிய உணவு மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் போய்விடாதிருக்க, முந்தைய ஓரிரு நாட்கள் நீராகாரம் மட்டும் எடுக்கச் சொல்வார்கள். அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சல், கடும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கழுத்து வீக்கம் இவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.