விட்டுப்போன ஆங்கில இலக்கணத்தை, முக்கியமாக எதிர்காலத்தையும் ஜெரண்டையும், மறுபடி எப்படிப் படிப்பது?

பள்ளியோடு இலக்கணத்தை விட்டுவிட்டேன், இப்போது வேலைக்காகப் புரட்டுகிறேன், ‘வில்’ எங்கே, ‘கோயிங் டு’ எங்கே, ‘இங்’ எங்கே என்பதில்தான் சறுக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன். அதுவும் ஒரு இன்டர்வியூவில்.

2008இல் நடந்தது. மும்பை தாராவியில் அப்பாவின் மளிகைக் கடையை அப்போது மூன்று வருடமாக நான்தான் விடியற்காலையில் திறந்துகொண்டிருந்தேன். அந்தேரியில் ஒரு அலுவலகத்தில் “காலையில் என்ன செய்வீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். “டெய்லி ஐ வில் ஓப்பன் தி ஷாப் அட் ஃபைவ்” என்றேன். எதிரில் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டு, “எப்போதிலிருந்து?” என்றார். மூன்று வருடமாகத் திறக்கிற கடையை நான் இனிமேல்தான் திறக்கப் போகிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது! வேலை கிடைக்கவில்லை. பழியை முழுக்க ‘வில்’ மேல் போடமாட்டேன், கணக்குக் கேள்வியிலும் உளறினேன்.

ஏன் அப்படி வந்தது? தமிழில் “தினமும் திறப்பேன்” என்போம். எதிர்கால வினைமுற்றே நமக்கு வழக்கத்தையும் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் வழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம்தான்: “ஐ ஓப்பன் தி ஷாப் அட் ஃபைவ்”. தலைகீழான வம்பும் உண்டு. போன் அடிக்கிறது, “இருங்க, நான் எடுக்கிறேன்” என்கிறோம். நமக்கு அது நிகழ்காலம். அந்த நொடியில் எடுத்த முடிவு என்பதால் ஆங்கிலத்தில் அங்கேதான் ‘வில்’ வேண்டும்: “ஐ வில் கெட் இட்”. (இந்தி இன்னும் ஒரு படி மேலே. மும்பையில் டீக்காரப் பையன் “அபி ஆயா”, அதாவது ‘இதோ வந்தாச்சு’ என்று கத்துவான். சொல் இறந்தகாலம், டீ இனிமேல்தான் வரும்.)

ஆகவே டென்ஸ் அட்டவணையிலிருந்து தொடங்காதீர்கள். தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அது எந்த மாதிரி ‘நாளை’ என்று பாருங்கள். டிக்கெட் எடுத்தாச்சு, பையும் கட்டியாச்சு என்றால் “ஐ ஆம் லீவிங் டுமாரோ”. மனசுக்குள் முடிவு பண்ணியாச்சு, ஏற்பாடு இன்னும் இல்லை என்றால் “ஐ ஆம் கோயிங் டு குவிட் திஸ் ஜாப்”. நம்முடைய ‘விடப் போறேன்’ அப்படியே இதுதான். டைம்டேபிளில் அச்சானது என்றால் வெறும் நிகழ்காலம்: “தி டிரெயின் லீவ்ஸ் அட் எய்ட் டுவெல்வ்”. லோக்கல் ரயிலை நிமிடம் சொல்லிக் கூப்பிடுகிற மும்பைக்காரர்களுக்கு இது மறக்கவே மறக்காது.

பெரிய பெயர்களைப் பார்த்தும் மிரள வேண்டாம். தாதரில் சாளுக்யா எக்ஸ்பிரஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போகிறவர் “நாளை இந்நேரம் ரயிலில் போய்க்கொண்டிருப்பேன்” என்பார். அது ஃப்யூச்சர் கன்டினியுவஸ், “ஐ வில் பி டிராவலிங்”. “நீ வருவதற்குள் கிளம்பியிருப்பேன்” என்பது ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட், “ஐ வில் ஹேவ் லெஃப்ட்”. அப்புறம், ‘இஃப்’, ‘வென்’ பக்கத்தில் ‘வில்’லை ஒட்டவைக்காதீர்கள். “மழை வந்தால்” என்கிறோமே தவிர “மழை வருவால்” என்று யாராவது சொல்வோமா? “இஃப் இட் ரெயின்ஸ்”, அவ்வளவுதான்.

இனி ஜெரண்ட், அதாவது வினையோடு ‘இங்’ சேர்ந்து பெயர்ச்சொல்லாக நிற்பது. பள்ளியில் படித்த தொழிற்பெயர்தான் இது. படித்தல், செய்கை, நடப்பு என்று தல், கை, பு விகுதியெல்லாம் மனப்பாடம் செய்தோமே, அதே ஆள்தான். ஞாயிறு மதியம் இட்லி வியாபாரம் முடித்துவிட்டு எங்கள் மதினி என்னிடம் ஆங்கிலம் படிக்க வருவார். ‘ரிமெம்பர்’ பாடம் நடந்த அன்று, “மதினி, வீட்டைப் பூட்டினது ஞாபகம் இருக்கா?” என்று கேட்டு, இது “டு யூ ரிமெம்பர் லாக்கிங்” என்றேன். “பூட்ட ஞாபகம் இருந்துச்சா?” என்றால் “டிட் யூ ரிமெம்பர் டு லாக்”. மதினி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு மகனைப் பூட்டைப் பார்த்து வர அனுப்பினார். பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் அதன்பிறகு அவருக்குப் பிசகவே இல்லை.

‘ஸ்டாப்’பும் இப்படித்தான். டீ குடிப்பதை நிறுத்தினார் என்றால் “ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ”, டீ குடிக்க நின்றார் என்றால் “ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ”. தமிழில் ‘பூட்டினது’, ‘குடிப்பது’ போல ‘அது’ வந்தால் ‘இங்’, ‘செய்ய’ என்ற எச்சம் வந்தால் ‘டு’ என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தோராயமாகத்தான். “எழுதி முடித்தேன்” என்பதில் ‘அது’வே இல்லை, ஆங்கிலத்தில் “ஃபினிஷ்ட் ரைட்டிங்”. “போகலாம்னு சொன்னார்” என்பது “சஜெஸ்டட் கோயிங்”. ஃபினிஷ், என்ஜாய், அவாய்ட், மைண்ட், சஜெஸ்ட் ஆகியவற்றோடு ‘இங்’கையும், வான்ட், டிசைட், ஹோப், பிராமிஸ் ஆகியவற்றோடு ‘டு’வையும் சேர்த்து உருப்போட்டுத்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை.

ஆபீஸ் மெயில்களில் அதிகம் பார்க்கும் தப்பு “லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ”. ‘டு’ வந்துவிட்டதே, பின்னால் மொட்டை வினைதானே என்று நினைத்துவிடுகிறோம். அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள்: “லுக்கிங் ஃபார்வர்ட் டு தீபாவளி” பொருந்துகிறதா? அப்படியானால் அந்த ‘டு’ இன், அட் போல ஒரு பிரிபொசிஷன். பிரிபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’தான்: “டு மீட்டிங் யூ”, “குட் அட் குக்கிங்”, “இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்”.

எந்தப் புத்தகம் என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டில் கிடக்கிற பழைய இலக்கணப் புத்தகமே போதும். தினமும் நீங்கள் நிஜமாகப் பேசிய ஐந்து தமிழ் வாக்கியங்களை இரவில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். சந்தேகம் வருகிற வரிக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள். நான் சயானிலிருந்து அந்தேரிக்குப் போகும்போது, தாதரில் வண்டி மாறியதும் போனில் எழுதுவேன், உட்கார இடம் கிடைத்தால்.