‘நேர்மையாக இரு’ என்று 45 மணி நேரம் சொல்ல முடியுமா?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியை நான். இந்த செமஸ்டர் இறுதியாண்டுக்குத் ‘தொழில் நெறிமுறைகள்’ பாடம் என் தலையில் விழுந்திருக்கிறது. வாரம் 3 பீரியட், 62 பேர், எல்லோரும் ப்ளேஸ்மென்ட் ஓட்டத்தில் இருக்கிறார்கள். போன வருடம் நடத்தியவர் பிபிடியை வாசித்துவிட்டுப் போனாராம். நான் தத்துவம் படித்தவள் இல்லை. சமூகப் புரிதலையும் சேர்த்துக் கொடுங்கள் என்கிறார் எச்ஓடி (துறைத் தலைவர்). எங்கே தொடங்குவது?

பதில்: தத்துவம் படிக்காதது குறையே இல்லை. கணக்குப் போடத் தெரிந்தவர் நடத்தினால்தான் இந்தப் பாடம் உருப்படும். ‘நேர்மை என்றால் என்ன?’ என்று முதல் நாள் கரும்பலகையில் எழுதிவிட்டால் வகுப்பு பள்ளிக்கூடத்துக் காலை வழிபாடு ஆகிவிடும். பசங்களுக்கு எந்தப் பதிலுக்கு மார்க் கிடைக்கும் என்று ஐந்தாம் வகுப்பிலிருந்தே தெரியும். அதையே திருப்பி ஒப்பிப்பார்கள்.

ஆகவே முதல் பீரியடில், நிஜ விபத்து ஒன்றிலிருந்து எடுத்த ஒரு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் (பொருள்களின் வலிமை) கணக்கைக் கொடுங்கள். எந்த விபத்து, எந்த ஊர் என்று எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு தாளில் இரண்டு படம் போதும். கட்டடத்துக்குள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும் இரண்டு நடைபாதைகள். முதல் படத்தில் கூரையிலிருந்து ஒரே இரும்புத் தண்டு இறங்குகிறது. அது மேல் நடைபாதையின் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு போய்க் கீழ் நடைபாதையின் உத்தரத்தையும் துளைக்கிறது. ஒவ்வோர் உத்தரத்துக்கும் அடியில் ஒரு நட்டு. இரண்டாவது படத்தில் தண்டு இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. கூரையிலிருந்து வரும் தண்டு மேல் உத்தரத்தோடு முடிகிறது. அதே உத்தரத்தில், சில அங்குலம் தள்ளி, இன்னொரு தண்டு தொடங்கிக் கீழ் நடைபாதையைத் தாங்குகிறது. ஒவ்வொரு நடைபாதையின் பாரமும் P. மேல் உத்தரத்தின் அடியில் இருக்கும் நட்டு எவ்வளவு தாங்குகிறது? பத்து நிமிடம் கொடுங்கள்.

வகுப்பில் பலர் ‘வித்தியாசம் இல்லை மேம்’ என்பார்கள். கூரையில் தண்டு தாங்கும் பாரம் இரண்டு படத்திலும் 2P-தான், அதைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். உத்தரத்தைத் தனியாகப் பிரித்து விசைப்படம் வரையச் சொன்னால் விஷயம் வெளியே வரும். முதல் படத்தில் அந்த நட்டு மீது P, இரண்டாவதில் 2P. புரியாதவர்களுக்கு: கிணற்றுக் கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது ஒன்று. மேலே இருப்பவர் கயிற்றைப் பிடித்திருக்க, கீழே இருப்பவர் அவர் காலைப் பிடித்துத் தொங்குவது வேறு. கயிற்றுக்கு வித்தியாசமில்லை, மேலே இருப்பவரின் கைக்குத்தான் தெரியும்.

எல்லோரும் விடை எழுதிய பிறகு சொல்லுங்கள்: அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்ஸி ஓட்டல், 1981 ஜூலை 17. நடன நிகழ்ச்சிக்குக் கூட்டம் திரண்டிருந்தபோது இரண்டு நடைபாதைகளும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை ஒரு நிமிடம் விட்டுவையுங்கள், உடனே பேசிக் கெடுத்துவிட வேண்டாம்.

இரண்டாவது பீரியடில்தான் நெறிமுறை வருகிறது. நீளமான தண்டு முழுக்க மரை (நட்டு ஏறும் புரி) வெட்டுவதும், மேல் நடைபாதையைத் தூக்கும்போது அந்த மரை நசுங்காமல் காப்பதும் தொல்லை என்பதால் இரும்பு வேலை செய்தவர்கள் மாற்றம் கேட்டார்கள். மாற்றிய இணைப்புக்கு யாரும் மறுபடி கணக்குப் போடவில்லை. வரைபடத்தில் பொறியாளர் முத்திரை விழுந்தது. பிறகு நடந்த விசாரணையில், மாற்றத்துக்கு முந்தைய வடிவமைப்பே நகரக் கட்டட விதி கேட்ட பாரத்தில் சுமார் 60 சதவீதத்தைத்தான் தாங்கியிருக்கும் என்று தெரிந்தது. இரண்டு பொறியாளர்கள் மிசூரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள்.

இப்போது வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில், யார், என்ன கேட்டிருந்தால் நின்றிருக்கும்?’ யாராவது ‘பணத்தாசைதான் மேம்’ என்று ஆரம்பித்தால் விடாதீர்கள். இந்தக் கதையில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை. அதனால்தான் ஊழல் கதைகளைவிட இதை முதலில் வைக்கச் சொல்கிறேன். ஊழல் கதையில் மாணவன் தன்னைப் பார்க்க மாட்டான், வில்லனைப் பார்ப்பான். ‘அடுத்தவர் செக் பண்ணியிருப்பார்’ என்று விட்டுவிடுவது அவனும் செய்வதுதான்.

ஏவிய சற்று நேரத்தில் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்ணோடத்தை (1986) எல்லோரும் முதலில் எடுப்பார்கள். அதைப் பிற்பாடு எடுங்கள். ஏவுவதற்கு முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டம் நடிக்க வைக்க அருமையானது. குளிரில் ராக்கெட் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் இறுகிவிடும் என்று, அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் ரோஜர் பாய்ஸ்ஜோலி முதலான பொறியாளர்கள் தடுக்கிறார்கள். ‘பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்’ என்று அதே நிறுவனத்தின் மேலதிகாரி சக மேலாளரிடம் சொல்கிறார். நடிக்கும்போது பொறியாளர் வேடத்தை வகுப்பிலேயே நன்றாகப் பேசுபவனுக்குக் கொடுக்காதீர்கள், அவன் ஜெயித்துவிடுவான். நிஜத்தில் ஜெயிக்கவில்லை.

சமூகப் புரிதலுக்குத் தனி யூனிட் வேண்டாம். உங்கள் மாணவர்களில் ஒரு குழுவாவது பாதாளச் சாக்கடை சுத்தம் செய்யும் ரோபோவை ப்ராஜெக்டாக எடுத்திருக்கும். பெரும்பாலும் அந்தக் குழு சாக்கடைப் பணியாளர் ஒருவரிடம்கூடப் பேசியிருக்காது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதர்களை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றிருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. சட்டம் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது, பிறகு ஏன் இறங்குகிறார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் சாலிட்வொர்க்ஸ் வரைபட மென்பொருளைத் திறக்கக் கூடாது என்று விதி வையுங்கள்.

குழு போய்க் கேட்க வேண்டியது: தெரு எவ்வளவு அகலம், ஜெட் ராடிங் வண்டி (நீர் அழுத்தத்தால் அடைப்பெடுப்பது) உள்ளே வருமா? அடைப்பு எதனால், துணியா, கட்டட மண்ணா? கூப்பிட்டால் வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும்? ஒப்பந்தக்காரர் கூலியை நாளுக்குத் தருகிறாரா, குழிக்குத் தருகிறாரா? இயந்திரம் வந்தால் அதை ஓட்டும் வேலை இவருக்குக் கிடைக்குமா, வேறு யாருக்காவது போகுமா? கடைசிக் கேள்வியில்தான் ப்ராஜெக்டின் பாதி உயிர் இருக்கிறது.

போகும்போது கேமரா வேண்டாம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் அன்றோடு பேச்சு முடிந்துவிடும். அவர் திண்ணையில் உட்கார்ந்தால் இவர்களும் திண்ணையில். திரும்பி வந்து ‘அவங்களுக்கு அவேர்னஸ் இல்லை மேம்’ என்று எவனாவது எழுதினால் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். ஆபத்து அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், வேறு வழிதான் இல்லை. இன்னொன்று முக்கியம்: சாதி பற்றிப் பேச்சு வரும்போது வகுப்பில் ஒரு மாணவனைப் பார்த்து ‘உன் அனுபவத்தைச் சொல்’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவன் உங்கள் பாடப்பொருள் அல்ல.

குழு பிரிப்பதிலும் சமூகம் இருக்கிறது. விட்டுவிட்டால் ஹாஸ்டல் ஒரு பக்கம், பஸ்ஸில் வருபவர்கள் ஒரு பக்கம் சேர்வார்கள். பெண்கள் ரிப்போர்ட் டைப் அடிப்பார்கள், பையன்கள் வெல்டிங் செய்வார்கள். நீங்களே பிரித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவரையும் ஒருமுறையாவது பேச வையுங்கள், தமிழில் பேசட்டும்.

காப்பி ரீடிங் (ஆய்வகத்தில் அளக்காமல் அடுத்தவரைப் பார்த்து எழுதுவது), காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் இவற்றை முதல் மாதம் தொடாதீர்கள், கதவை அடைத்துக்கொள்வார்கள். ஐந்தாவது வாரம் பெயர் எழுதாத சீட்டில் கேளுங்கள்: ‘போன செமஸ்டர் ரெக்கார்டில் உன் கையால் எடுத்த ரீடிங் எத்தனை?’ வந்த எண்களைப் பலகையில் எழுதுங்கள், யாரையும் தேட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ஆய்வுக் குழு வரும் வாரத்தில் பழைய தேதி போட்டுக் கோப்பு தயாராவதை மாணவர்களும் பார்க்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள்.

மதிப்பீட்டுக்கு இன்டர்னலில் ஒரு கடிதம் எழுத வையுங்கள், மேலதிகாரிக்கு ஒரு பக்கம். ‘கான்கிரீட் தரம் சரியில்லை என்று தோன்றுகிறது, தயவுசெய்து கவனிக்கவும்’ என்று எழுதினால் பூஜ்யம். வேண்டியது இப்படி: ‘மூன்றாம் தளத் தூண்கள், எம்-25 கலவை. 28-ம் நாள் மூன்று சோதனை க்யூப்களின் சராசரி வலிமை 19 N/mm², வர வேண்டியது 25. நான்காம் தளம் போடுவதை நிறுத்தி, தூணில் கோர் (துளைத்தெடுத்த மாதிரி) எடுத்துச் சோதிக்க அனுமதி வேண்டும். வியாழனுக்குள் எழுத்தில் பதில் தரவும்.’ கண்டது, அளந்தது, விதி சொல்வது, கேட்பது, கெடு. ஐந்துக்கும் தலா 3 மார்க், மொத்தம் 15. முடிவு சரியா தவறா என்பதற்கு மார்க் கிடையாது. 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததைச் சொல்லிவிட்டுக் கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். கட்டி முடிக்கும் முன்பே விழுந்த கட்டடம் அது. பெரும்பாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்தான் உள்ளே இருந்தார்கள்.

முதல் நாள் படத்துக்கு 62 நகல் எடுக்காதீர்கள், 31 போதும். இருவருக்கு ஒரு தாள் என்றால் போன் கீழே போய்விடும், பேச்சு தொடங்கிவிடும்.