லூனா அந்துப்பூச்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்கள் வாசல் விளக்கருகே உள்ளங்கை அகலத்தில் ஒரு வெளிர்பச்சைப் பூச்சி வந்து அமர்ந்தது. சர்க்கரைத் தண்ணீர் வைத்தும் குடிக்கவில்லை. நோயா?

பதில்: நோயில்லை. அது லூனா. வளர்ந்த லூனாவுக்குச் சாப்பிடும்படியான வாயே கிடையாது. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்து ஏறக்குறைய ஒரு வாரம் வாழும். அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட்டாக வேண்டும். பெண் நள்ளிரவுக்குப் பிறகு மணம் பரப்பும். ஆண் தன் இறகு போன்ற உணர்கொம்புகளால் அதை மோப்பம் பிடித்து வரும். வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், அதுவே பெரிய உதவி.

கேள்வி: பின்னிறகின் நீண்ட வால் ஒன்று அறுந்திருக்கிறது. பிழைக்குமா?

பதில்: நன்றாகவே பறக்கும். வௌவாலிடமிருந்து தப்பத்தான் அந்த வால். பறக்கும்போது அது சுழல்வதால், எதிரொலியை வைத்து வேட்டையாடும் வௌவால் குழம்பி, உடலை விட்டுவிட்டு வாலைக் கடிக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், வாலுள்ள பூச்சிகளில் சுமார் 35 விழுக்காடும், வால் வெட்டப்பட்டவற்றில் 81 விழுக்காடும் வௌவாலிடம் சிக்கின. உங்கள் பூச்சியும் அப்படித் தப்பி வந்ததாக இருக்கலாம்.

கேள்வி: மகள் ஒரு பச்சைப் புழுவைக் கொண்டுவந்திருக்கிறாள். என்ன இலை போடுவது?

பதில்: எந்த மரத்தில் எடுத்தாளோ அதே மரத்தின் இலை. வால்நட், ஹிக்கரி, பிர்ச் எல்லாம் லூனாவுக்கு உணவுதான். ஆனால் ஒன்றில் பழகிய புழு இன்னொன்றைத் தொடாமல் பட்டினி கிடக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் கூடு கட்டிவிடும்.

கேள்வி: நம் ஊரில் இதே பூச்சியைப் பார்த்த நினைவு.

பதில்: அது இந்திய நிலா அந்துப்பூச்சி, லூனாவின் ஒன்றுவிட்ட சகோதரி. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு.

கேள்வி: அக்டோபரில் சருகு கூட்டும்போது இலை சுற்றிய கூடு ஒன்று கிடைத்தது. தொட்டால் உள்ளே நெளிகிறது. குளிருக்கு வீட்டுக்குள் வைக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஹீட்டர் போட்ட அறையில் கூடு காய்ந்துபோகும். அல்லது சூட்டை வசந்தம் என்று நம்பி ஜனவரியில் பூச்சி வெளியே வந்துவிடும்; அப்போது இணையும் இல்லை, மரத்தில் இலையும் இல்லை. கோடை முடிவில் பகல் குறுகுவதைப் புழு உணர்ந்துகொள்கிறது. அப்படி உணர்ந்த புழு கட்டும் கூடுதான் குளிர்காலம் முழுக்க உறங்கும். கனடாவில் ஆண்டுக்கு ஒரே தலைமுறை, தெற்கே மூன்று வரை. லூனா இலையைச் சுற்றிக் கூடு கட்டுவதால் சருகோடு தரையில் விழுந்து கிடக்கிறது. நாம் மூட்டை கட்டி அனுப்பும் ஒவ்வொரு சருகுப் பையிலும் இப்படி எத்தனையோ போகின்றன என்று நினைக்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. எடுத்த மரத்தடியிலேயே கூட்டை வைத்து, மேலே சருகைப் பரப்புங்கள். அந்த இடத்தை மட்டும் வசந்தம் வரை கூட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு குச்சியையும் நட்டு வையுங்கள். வெளியே வந்ததும் சுருங்கிய இறகை விரிக்கப் பூச்சி அதில் ஏறித் தொங்க வேண்டும்.